பாட்டன் வைத்துப் போகும் துப்பாக்கி

நம்ம ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு என்ன வைத்துவிட்டுப் போவார்கள்? கொஞ்சம் நிலம், கொஞ்சம் கடன், ஒரு பித்தளை அண்டா, பங்காளியோடு தீராத ஒரு வரப்புத் தகராறு. இப்போதெல்லாம் கூடவே சர்க்கரை வியாதி. குடகில் இந்த லிஸ்ட்டில் இன்னொரு அயிட்டமும் உண்டு. துப்பாக்கி!

பயப்படாதீர்கள். நம்ம சினிமா வில்லன் கோட்டுக்குள்ளிருந்து உருவுகிற சமாசாரம் இல்லை இது. சாமி ரூமில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு சாத்தி வைத்திருக்கிற துப்பாக்கி.

மைசூரில் பஸ் ஏறி ஹுன்சூர், தித்திமதி வழியாகக் கோணிக்கொப்பல் போய் இறங்கினேன். பாதி வழியில் நாகரஹொளெ காடு ரோட்டை உரசிக்கொண்டு வருகிறது. யானைகள் கடக்கும் இடம், ஹாரன் அடிக்காதே என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் டிரைவர் அந்த போர்டுக்கு மரியாதை செலுத்தும் விதமாக ஒரு தடவை ஹாரன் அடித்தார். அப்புறம் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு நிற்கிற மரத்தில் எல்லாம் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், தோட்டத்துக்கு ஒன்றாக. பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்க வேண்டுமென்றால் ஜீப் வேண்டும்.

இந்தத் தூரம்தான் விஷயம். ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எண்ணுவார். ஒன்றோடு நின்றால் சிரிப்பார், இரண்டாவது கேட்டால் செருப்பை மாட்டுவார். தந்தி, டெலிபோன் வருவதற்கு முன்னால் இதுதான் தபால் இலாகா. (பெண் குழந்தைக்கு ஏன் வேட்டு இல்லை என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.)

நான் போனது செப்டம்பர் 3-ஆம் தேதிக்கு. அன்றைக்குக் குடகர்களுக்குக் 'கைல்போள்த்'. கைல் என்றால் ஆயுதம். நடவு வேலை நடக்கிற மழை மாதங்களில் துப்பாக்கியைத் தொடாமல் சாமி ரூமில் வைத்துவிடுவார்கள். நாற்று நட்டு முடிந்து உடம்பு ஓய்ந்தபின் இந்த நாளில் எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, பூஜை செய்வார்கள். நம்ம ஆயுத பூஜைதான். நாம் கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறோம், அவர்கள் துப்பாக்கிக்கு வைக்கிறார்கள். பூவும் உண்டு. 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்று பேர். கிட்டே போய்ப் பார்த்தேன். அட, நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டு அரசின் மாநில மலர், கர்நாடகத்துத் துப்பாக்கியில் உட்கார்ந்து சிரிக்கிறது. காவிரிக்கு நாம் கொடுத்த பதில் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

லைசென்ஸ்? அதுதான் இல்லை. 1834-ல் குடகு ராஜாவை இறக்கிவிட்டு வெள்ளைக்காரன் நாட்டை எடுத்துக்கொண்டான். 1857 கலகத்துக்குப் பிறகு ஊரெல்லாம் ஆயுதத்தைப் பிடுங்கினவன், குடகர்களை மட்டும் விட்டுவிட்டான். 1861-ல் கமிஷனர் மார்க் கப்பன் போட்ட உத்தரவு அது. (பெங்களூர் கப்பன் பார்க்கில் கடலை கொறித்திருக்கிறீர்களே, அதே கப்பன்.) சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விலக்கு தொடர்ந்தது. குடகு இனத்தவருக்கும், 'ஜம்மா' என்கிற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டாம், விலக்குச் சான்றிதழ் போதும். ஜில்லாவைத் தாண்டிப் போனால் ஒரு ரைபிள், நூறு ரவை. ஒரு சாதா துப்பாக்கி, ஐந்நூறு தோட்டா, அதற்கு மேல் கூடாது. இந்தச் சலுகை எந்த ஊர் நியாயம் என்று கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். 2021-ல் கர்நாடக ஹைகோர்ட் சலுகை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் மத்திய சர்க்கார் பத்து வருஷத்துக்குத்தான் நீட்டியிருக்கிறது. 2029 அக்டோபரோடு கெடு. அதற்குப் பிறகு என்ன என்பது டில்லிக்குத்தான் வெளிச்சம்.

*

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் ரிட்டயர்டு மேஜர். பேர் வேண்டாம், மேஜர் என்றே வைத்துக்கொள்வோம். நீலகிரி வெலிங்டனில் சில வருஷம் இருந்தவர், அதனால் தமிழ் வருகிறது. அதிலும் நம்ம சினிமாத் தமிழ். "வாங்க வாங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று ஆரம்பித்தவர், நான் சைவம் என்றதும் ஒரு நிமிஷம் மௌனமாகிவிட்டார். கைல்போள்த் அன்று குடகு வீட்டில் பன்றிக்கறி வேண்டாம் என்கிறவன், தீபாவளிக்கு வந்து எண்ணெய் தேய்க்க மாட்டேன் என்கிற மாப்பிள்ளை மாதிரி. அவர் மனைவி புண்ணியம் கட்டிக்கொண்டார். மூங்கில் குருத்துக் கறியும், கடம்புட்டும். கடம்புட்டு நொய்யில் பிடித்து ஆவியில் வேகவைத்த உருண்டை. நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

சாப்பிட்டதும் மேஜர் மேஜையில் துணி விரித்து மூன்று துப்பாக்கிகளைப் பரப்பினார்.

முதலாவது, கொள்ளுத்தாத்தா காலத்து மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துச் சுட வேண்டும். பிறப்புக்கும் இறப்புக்கும் இதுதான் பேசும். "இது வீட்டை விட்டு எங்கியும் போகாது. இதுல பேச்சே இல்லை" என்றார். சரி.

இரண்டாவது, தாத்தா 1947-ல் ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய இரட்டைக் குழல் ரைபிள். பர்மிங்காமில் செய்தது. நாலு எழுபது போர். அடேயப்பா! அந்த வால்நட் கட்டையின் ரேகை இருக்கிறதே, திருநெல்வேலி அல்வாவை வெட்டி வைத்த மாதிரி. இரும்பில் இலையும் கொடியுமாகச் செதுக்கல். தூக்கினால் கனம் தெரிகிறது. தோளில் வைத்தால் கனம் எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவதைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பழைய கவர்மெண்ட் ஆபீஸ் நாற்காலியை நீளவாக்கில் அறுத்த மாதிரி ஒரு கட்டை. இஷாப்பூர் சர்க்கார் ரைபிள் ஃபாக்டரியில் செய்த .315. பட்டாளத்து .303-க்குத் தூரத்துச் சொந்தம். .303-ஐப் பொதுஜனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் வேறு அளவில் செய்து விற்றார்கள்.

"எனக்கு எழுபத்தி மூணு வயசு. பசங்களுக்கு எதைக் குடுக்கணும், சொல்லுங்க பார்ப்போம்" என்றார் மேஜர்.

நான் யோசிக்கவே இல்லை, அல்வாவைக் காட்டினேன். மேஜர் சிரித்துவிட்டு, ஒரு சின்னத் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் தடிமனில் இரண்டே இரண்டு தோட்டா.

"இவ்வளவுதான் மிச்சம். இதுக்கப்புறம் அது உலக்கை."

கதை இதுதான். அந்தக் காலத்தில் வேட்டைக்கு .450 போர்தான் ராஜா. ஆனால் பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் அதே அளவு. கலகக்காரன் கையில் தோட்டா சிக்கிவிடுமே என்று, இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் வெள்ளைக்காரன் இந்தியாவில் .450-க்குத் தடை போட்டான். துப்பாக்கிக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? கொஞ்சம் கூட்டி .465, .470, .475 என்று புதுசு புதுசாக இறக்கிவிட்டான். துரைமார்கள் யானை, காட்டெருமை என்று சுட்டுத் தள்ளிவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துப்பாக்கி இங்கே தங்கிவிட்டது, தோட்டா தங்கவில்லை. அந்தச் சைஸ் இங்கே எந்தச் சர்க்கார் ஃபாக்டரியிலும் வார்க்கிற சமாசாரம் இல்லை.

வேறு ரவையை எப்படியாவது செய்து போட்டால்? மேஜர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இரட்டைக் குழல் ரைபிளில் இரண்டு குழலும் தண்டவாளம் மாதிரி நேராக ஓடுவதில்லையாம். முன்பக்கம் லேசாக ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும் அல்லவா? அதற்கென்றே ஒரு ஆசாரி உட்கார்ந்து, சுட்டுப் பார்த்து, ஈயப் பற்றைச் சூடாக்கி இளக்கி, நடுவில் இருக்கிற ஆப்பை மயிரிழை தள்ளி, மறுபடி சுட்டு, மறுபடி இளக்கி... இரண்டு குண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழுகிறவரை விட மாட்டான். ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு, அதன் மருந்து அளவுக்கு என்று இப்படிச் சேர்த்துவைக்கிற கல்யாணம் அது. தோட்டாவை மாற்றினால் வலது குழல் ஒரு பக்கம் அடிக்கும், இடது குழல் வேறு பக்கம் அடிக்கும். கூட்டணி ஆட்சி மாதிரி.

"அப்போ நல்ல துப்பாக்கின்னு எதைத்தான் சொல்றது மேஜர் சார்?"

கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, மழையும் பிடித்துக்கொண்டது, மேஜரும் பிடித்துக்கொண்டார். .315-இன் போல்ட்டை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே வரி வரியாகப் பள்ளங்கள், முறுக்கு மாதிரி சுழன்று போகின்றன. அந்த வரி கூர்மையாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் கும்பிடு போட்டுவிட வேண்டும். குழலின் வாய் விளிம்பு நசுங்கியிருக்கக் கூடாது. போல்ட்டிலும் உடம்பிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ யார் தலையையோ யார் கழுத்திலோ ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்க்ரூக்களின் வெட்டைப் பார். சிதைந்து கிடந்தால் நடுவில் ஒரு அரைகுறை மெக்கானிக் புகுந்திருக்கிறான். கட்டையில் கை பிடிக்கிற ஒல்லியான இடம் இருக்கிறதே, அங்கே மர ரேகை நேராக ஓட வேண்டும். அழகுக்காகச் சுழி சுழியாக இருந்தால் சுடுகிற அதிர்ச்சியில் அங்கேதான் விரிசல் விடும். (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன மாமியார்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.)

பராமரிப்பு தனிப் பாடம். குடகு மழையில் தோல் உறையில் வைத்தால் போச்சு. தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்புக்கு மெதுவாக ஊட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுக்கு. பழைய தோட்டாவின் கேப்பில் உப்புச் சமாசாரம் இருக்கும். சுட்டதும் கொதிக்கிற வெந்நீர் விட்டு அலசி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய்.

"இத்தனை பார்த்தாச்சு. கடைசியா ஒண்ணு. தோட்டா பஜார்ல கிடைக்குதா? என் பேரனுக்குப் பேரனும் கிடைக்கும்னு சொல்ல முடியுமா? அதுக்கு இந்த அசிங்கம் புடிச்சவன்தான் ஆள்" என்று .315-ஐத் தட்டினார். அதற்கான ரவையை நம்ம ஆர்டினன்ஸ் ஃபாக்டரியே செய்கிறது.

*

எல்லாம் சரி, எதைச் சுடுவது? இங்கேதான் எனக்கு இடித்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை என்பது ஜெயிலுக்குப் போகிற வழி. முன்பெல்லாம் கைல்போள்த் முடிந்தால் கூட்டமாக வேட்டைக்குக் கிளம்புவார்கள். இப்போது மரத்து உச்சியில் தேங்காயைக் கட்டிச் சுடுகிறார்கள். தேங்காய்தான் குடகு நாட்டின் கடைசிப் புலி!

அது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேஜருக்கும் அதில் வருத்தம் இல்லை, காட்டுப்பன்றி விஷயத்தைத் தவிர. ராத்திரி வந்து தோட்டத்தை உழுதுவிட்டுப் போகிற பன்றியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

ஜிம் கார்பெட் ஞாபகம் வந்தது. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்கு ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஒரு ரிக்பி .275 ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்து, விஷயத்தைப் பொறித்து. கார்பெட்டுக்குக் கல்யாணம் இல்லை, வாரிசு இல்லை. 1947-ல் நைனிதாலை விட்டுக் கென்யா போனார், 1955-ல் காலமானார். ரைபிள் அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 2015-ல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. செய்தவன் வீட்டுக்கே திரும்பி வந்த சீர்வரிசை.

மேஜருக்கு வாரிசு இருக்கிறது, அதிலும் இரண்டு. பிரச்னையே அங்கேதான்.

பையன் பெங்களூரில், பன்னிரண்டாவது மாடி ஃபிளாட். "எனக்கு வேண்டாம் அப்பா, வீட்ல நாலு வயசுக் குழந்தை இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். மேஜர் கோபிக்கவில்லை. அந்த ஃபிளாட் அசோசியேஷன் நாய் வளர்க்கவே மூன்று ஃபாரம் கேட்கிறதாம்.

பெண் விராஜ்பேட்டைப் பக்கம் கல்யாணம் ஆகிப் போனவள். காப்பித் தோட்டத்தைத் தனியாகக் கட்டி மேய்க்கிறாள். போன வருஷக் கைல்போள்த்தில் வரிசையாக ஆண்பிள்ளைகள் எல்லாம் வானத்தைச் சுட்டுவிட்டு உட்கார, மூன்றாவது ரவையில் தேங்காயை உடைத்தவள். அவள் கேட்டது அல்வாவை இல்லை, .315-ஐத்தான்.

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே விழுந்தார். குடகில் 'ஒக்க' என்றால் குலம், அது ஆண் வழி. கல்யாணமான பெண் புருஷன் ஒக்கவுக்குச் சொந்தம். "பொண்ணு போன வீட்டுக்குப் பொண்ணு போறது சரி, துப்பாக்கி எதுக்குப் போகணும்? நாளைக்கு அதுக்கு வேற வீட்டுச் சாமி ரூம்ல பொட்டு வைப்பாங்களே!" சிரிக்காதீர்கள். அவருக்கு இது நிஜமான துக்கம். அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் இரண்டு வேட்டு போட்ட குடும்பம் அது. ஒரு துப்பாக்கி வெளியே போனால், ஒரு குரல் வெளியே போன மாதிரி.

பெண் குழந்தைக்கு ஏன் வேட்டு இல்லை என்ற என் கேள்விக்கு அங்கே யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மேஜரின் மனைவி மட்டும் சமையலறையிலிருந்து, "இவ பொறந்த அன்னிக்கு இவர் சுட்டார். ஊரே ஆம்பிளைப் புள்ளைன்னு நினைச்சு வந்துடுச்சு" என்றார். மேஜர் காது கேட்காத மாதிரி குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம்ம பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற வாசகர்களுக்கு (மொத்தம் பத்துப் பேர் இருப்பீர்களா?) ஒரு வார்த்தை. இதைப் பாட்டன் செத்தபிறகு யோசித்தால் வம்பு. எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கி கைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவர் பேருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரு ஆளுக்கு மூன்று என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். தாத்தா சொத்து என்று வந்தாலும் அந்த இரண்டைத் தாண்டக் கூடாது. குடகர் கதை தனி என்றாலும், மேஜரும் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற கட்சி. 2029 கெடு வேறு தலைக்கு மேல்.

கடைசியில் முடிவு இப்படி ஆயிற்று. அல்வா ரைபிள் பூர்வீக வீட்டிலேயே, ஒக்கவின் பொறுப்பில், இரண்டு தோட்டாவோடு இருக்கும். பெரியவர் சமாதானமானார், அழகானது வீட்டில் தங்கிவிட்டது அல்லவா? .315 பெண்ணுக்கு.

அதற்கு முன்னால் மேஜர் ஒரு காரியம் செய்தார். அந்த ரைபிள் அவர் நீளக் கைக்கு ஏற்றது. பெண் தோளில் வைத்தால் கன்னம் சரியான இடத்துக்கு வரவில்லை. அடி பலமாக விழுந்து தோள் கன்றிப்போகும். குழலைக் குட்டையாக்கினால் அது கிரிமினல் கேஸ். கட்டையில் கை வைக்கலாம். முழங்கையை மடக்கச் சொல்லி, விசையிலிருந்து கட்டையின் அடி வரைக்கும் அளந்து, முக்கால் அங்குலம் அதிகம் என்று கண்டுபிடித்து, நல்ல ஆசாரியாகப் பார்த்து அறுக்கச் சொல்லிவிட்டார். பழைய துப்பாக்கி சேகரிக்கிறவன் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இப்படி அறுத்தால் விலை பாதியாகிவிடுமே?

"விக்கிறதுக்கா குடுக்கறேன்?" என்றார் மேஜர்.

அறுத்த துண்டைத் தூக்கிப் போடவில்லை. மேஜை மேல் காப்பித் தோட்டக் கணக்கு நோட்டுக்கு மேலே வைத்திருக்கிறார், மழைக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க.